குழாயா, வாய்க்காலா

எங்கள் கல்லூரியில் முதலாண்டு இயற்பியலுக்கு இரண்டு பிரிவுகள். ஏ பிரிவு எனக்கு. பி பிரிவு, எனக்கு ஓராண்டு பின்னால் வேலைக்குச் சேர்ந்த தோழிக்கு. ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள். முதல் உள்தேர்வில் அவள் பிரிவு என் பிரிவைச் சுலபமாகத் தாண்டியது. அன்று மதியம் அவள் எடுத்துவைத்த தக்காளிச் சாதம் எனக்கு இறங்கவில்லை.

காரணங்களை வரிசைப்படுத்தினேன். என் மாணவர்களில் பலர் பூதலூர்ப் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள். ரயில் தாமதமானால் முதல் வகுப்பு போய்விடும். அவளுடையவர்களுக்கும் அதே ரயில்தான். நடவு சமயத்தில் பாதிப் பேர் வருவதில்லை. அங்கேயும் அப்படித்தான். அவள் தாராளமாக மதிப்பெண் போடுகிறாளோ? விடைத்தாள்களை மாற்றிக்கொண்டுதான் திருத்துகிறோம். அவள் மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டதே நான்தான். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். வயிற்றெரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது.

இதற்கு நடுவே துறைத்தலைவர் ஒன்று சொல்லிவைத்தார். "அடுத்த செமஸ்டர் மூணாம் வருஷ எலக்ட்ரானிக்ஸ் பேப்பர் காலியாகுதும்மா. ரெண்டாவது டெஸ்ட்ல யாரு செக்‌ஷன் நல்லா பண்ணுதோ அவங்களுக்குத்தான்." நான் முதுகலையில் எடுத்துப் படித்தது எலக்ட்ரானிக்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பாடத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டாம் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரித்தது நான். தேர்வன்று நான் அவள் பிரிவுக்கும் அவள் என் பிரிவுக்கும் மேற்பார்வை. பாதி நேரம் தாண்டியபின் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மேம், ஏழாவது கேள்வி."

அகலமான பாதையிலிருந்து குறுகலான பாதைக்கு நீர் பாயும்போது என்ன நிகழும், காரணம் கூறு என்பது ஏழாவது கேள்வி. என் வகுப்பில் சொல்வதையே சொன்னேன். "கேள்விய நல்லா படிம்மா."

"படிச்சிட்டேன் மேம். அதான் கேக்குறேன். குழாயா, வாய்க்காலா?"

"ரெண்டுக்கும் என்ன?"

"குழாய்னா வேகம் கூடும், அவ்வளவுதான். வாய்க்கால்னா குறுகுற எடத்துக்கு முன்னாடி தண்ணி மட்டம் ஏறும் மேம். ஏறி, கரைய ஒடைச்சிக்கிட்டு பக்கத்து வயலுக்குப் போயிடும். எங்க ஊர்ல சண்டையே அதுக்குத்தான்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "தண்ணி ஒடைக்கல மேம், இவங்க அப்பாதான் மண்வெட்டிய வெச்சு ஒடைப்பாரு."

"நீ வாய மூடு. உங்கப்பா மட்டும் சும்மா நின்னு வேடிக்க பாத்தாராக்கும்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழாய் என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதைவிட, இப்படி எழுந்து நின்று கேட்கிற ஒருத்தி அவளுக்குக் கிடைத்திருக்கிறாளே என்றுதான் இருந்தது.

"குழாய்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினேன். என் பிரிவு தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. வாசலில் தோழி மெல்லச் சொன்னாள்: "உங்க பசங்க ரொம்ப டிசிப்ளின் மேடம். ஒருத்தரும் வாயே தொறக்கல." மெச்சித்தான் சொன்னாள். நானும் அதுவரை அதை மெச்சிக்கொண்டிருந்தவள்தான்.

ஏழாவது கேள்வி குழாயைப் பற்றியது என்று அறிவித்தேன். இங்கும் அங்கும் பேனாக்கள் குறுக்கே கோடு போடும் சத்தம். நேரம் அதிகம் இருக்கவில்லை.

தேர்வு முடிந்ததும் ஒரு மாணவனை நிறுத்திக் கேட்டேன். "சந்தேகம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு மேம்."

"ஏன் கேக்கல?"

"நீங்க எடுத்த கேள்வி. அதுல போயி எப்படி மேம் சந்தேகம் கேக்குறது?" ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிப்போனான்.

என் பிரிவின் தாள்களைத் திருத்திய தோழி, வாய்க்கால் என்று எழுதி அடித்திருந்த விடைகளையும் படித்து மதிப்பெண் போட்டிருந்தாள். "கேள்வியில குழாய்னு இல்லையே மேடம், பாவம்." அவள் நியாயமும் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியும் என் பிரிவு பின்னால்தான் நின்றது. எலக்ட்ரானிக்ஸ் அவளுக்குப் போயிற்று.

மறுவாரம் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். ஆசிரியர் அறையில் எல்லாரும் இருந்தார்கள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"மேடம், எனக்கு இந்த ஆம்ப்ளிஃபயர் சுத்தமா மண்டையில ஏறல. உங்க சப்ஜெக்ட்தானே, முதல்லேர்ந்து சொல்லிக்குடுங்க."

இரண்டு வருடத்தில் அந்த அறையில் நான் யாரிடமும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. அவள் பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கேட்கப் பழகினார்கள் என்று தெரிந்தது. தெரிந்தபின் எரிச்சல் இன்னும் கூடியது. நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

"உக்காருங்க. எதுவரைக்கும் புரிஞ்சுது?"

"முதல் பக்கமே புரியல மேடம்," என்றாள், சிரித்துக்கொண்டே.