சேப்பாக்கத்தில் கடல் தெரியுமா?

காலை ஐந்து ஐம்பது. ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் இன்று முதலில் கண்டது ஒரு சிவப்புத் துண்டு. பேருந்து நிற்குமுன்னே அது சன்னல் வழியாகப் பறந்து ஓர் இருக்கையில் விழுந்தது. இனி அந்த இருக்கை துண்டுக்காரருடையது. ஒரகடம் வரை நின்றுகொண்டே போகிறவர்கூட அதை எடுத்துப் போடமாட்டார். வந்த புதிதில் தெரியாமல் ஒரு துண்டின்மேல் உட்கார்ந்து ஏச்சு வாங்கினேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் இருக்கை. இப்போது எனக்கும் சேர்த்துத் துண்டு போடுகிறவர் பிள்ளைப்பாக்கத்து ஏழுமலை. தொழிற்சாலையில் அவருக்கு லேத் வேலை. நான் அங்கே டைம் ஆபீசில் வருகை அட்டைகளை அடுக்குகிறேன்.

போன ஆடியில் கடல் கடந்து வரும்வரை இருபது ஆண்டுகள் பத்திரிகைக்காரனாக இருந்தேன். விளையாட்டுப் பக்கம் என்னுடையது. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் மேசையில் வானொலியை வைத்து, வர்ணனையைக் கேட்டு எழுதுவேன். கடற்காற்று வீசத் தொடங்கிவிட்டது என்பார் வர்ணனையாளர். பார்வையாளர் மேடைக்குப் பின்னே நீலக்கடல் என்று நான் எழுதுவேன். எங்கள் ஊர் முற்றவெளி மைதானத்தில் நின்றால் கடல் தெரியும். சேப்பாக்கமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

மார்கழியில் சென்னை விளையாட்டு மாத இதழொன்று உதவி ஆசிரியர் தேடியது. சேப்பாக்கம் மைதானத்தின் வரலாற்றை எழுதி விண்ணப்பத்தோடு அனுப்பச் சொன்னார்கள். பழைய தொழிலுக்குத் திரும்ப எனக்குத் தெரிந்து இருந்த ஒரே வழி அதுதான். ஆண்டுகள் மனப்பாடம். 1934இல் அங்கே முதல் டெஸ்ட். 1952இல் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. அந்த ஆட்டத்தின் முதல் நாளில்தான் இங்கிலாந்து மன்னர் இறந்த செய்தி வந்தது. 1986இல் ஆஸ்திரேலியாவோடு ஓட்டங்கள் சமமாகி முடிந்த ஆட்டம். மைதானத்தைத்தான் பார்த்ததில்லை. பொங்கல் கழிந்த ஞாயிறு போனேன்.

வாயிலில் காவலாளி மறித்தார். “மேட்ச் இல்லியே, இன்னாத்துக்கு வந்த?”

“ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பார்க்கலாமோ, அண்ணை?”

“மலையாளமா? உங்க ஊர்ல கிரவுண்டே இல்லியா?” சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். மலையாளி இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

எல்லைக்கோட்டில் நின்று சுற்றிப் பார்த்தேன். நாலாபுறமும் கான்கிரீட் படிகள். வெளியே பக்கிங்காம் கால்வாய் நாறியது. கடல் எங்கே என்று கேட்டேன்.

“கடலா? வெளிய போயி, ரோட்ட தாண்டி நடக்கணும். இங்க நின்னுகினு தேடுனா எப்பிடித் தெரியும்?”

கட்டுரையில் அதையும் எழுதினேன்: மைதானத்தில் நின்றால் கடல் தெரியாது. பத்து நாளில் ஆசிரியரின் பதில் வந்தது. கட்டுரை நன்று, அந்த வரியை நீக்கிக் கடலழகு பற்றி இரண்டு வரி சேர்த்து அனுப்பினால் வேலை பற்றிப் பேசலாம்.

ஏழுமலையிடம் பேருந்தில் சொன்னேன்.

“ரெண்டு வரிதான சார்? போட்டுத் தொலையேன். கடலு இன்னா, கோச்சிக்கினு பூடுமா?”

“இருபது வருசம் போட்டனான், ஏழுமலை.”

“அப்ப இன்னொரு வாட்டி போட்டா கை வலிக்குதா?”

பக்கத்து இருக்கைக்காரரும் சிரித்தார்.

இரண்டு நாள் கட்டுரையைப் பையிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள், ஒரு சொல்லும் மாற்றாமல் திருப்பி அனுப்பினேன். நேர்மை என்று சொல்லமாட்டேன். அங்கே எழுதியபோது எனக்குத் தெரியாது. இங்கே அந்தச் சாக்கும் இல்லை. புதிதாகப் பொய் சொல்லக் களைப்பாக இருந்தது. ஊரில் யாராவது என் பழைய பக்கங்களை இன்னும் வைத்திருந்தால், அந்தக் கடலைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

மாசியில் இதழ் தபாலில் வந்தது. உதவி ஆசிரியர் என்று வேறொருவர் பெயர் இருந்தது. கட்டுரையின் கீழே என் பெயர். இரண்டாம் பத்தியில் கடல் தெரிகிறது.