பின்னலின் நுனி

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். பேய் என்றால் நடுராத்திரி, பாழடைந்த பங்களா, நாய் ஊளை... அதெல்லாம் இதில் கிடையாது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், விளக்கு எரிந்துகொண்டிருந்த ஒரு அறையில், கையில் பென்சிலோடு நான் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

நான் படித்தது கலை வரலாறு. இளங்கலை, மூன்று வருடம். அப்பாவுக்கு டயர் கடை. என்னைச் சேர்த்துவிட வந்த அன்றே கேட்டார்: "படம் பாக்கறதுக்கு எதுக்கும்மா மூணு வருஷம்? பாத்தா தெரியாதா?" ஒரு வேலையை வாங்கி அவர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது என் வைராக்கியம். வேலையும் கண்ணெதிரே இருந்தது. கல்லூரிக்குப் பின்னால் ஒரு அருங்காட்சியகம். முடித்துப் போகும் வகுப்பிலிருந்து ஒருவரை மட்டும் பயிற்சிக்கு எடுப்பார்கள். அதுவே நிரந்தரமாகிவிடும். அந்த இடம் எனக்குத்தான் என்று முதல் வருடமே முடிவு கட்டியிருந்தேன்.

கிராப்பு வந்து சேரும் வரைக்கும்.

இரண்டாம் வருடம், கணக்குப் பாடம் பிடிக்கவில்லை என்று எங்கள் துறைக்குத் தாவி வந்தவள். பையன் மாதிரி வெட்டிய முடி, அதனால் கிராப்பு. விடுதியில் என் அறையிலேயே அவளைப் போட்டார்கள். ஒரு புத்தகத்தை ஒழுங்காகப் படித்து நான் பார்த்ததில்லை. நான் விடிய விடிய ஓவியர் பெயர், வருடம், பாணி என்று மனப்பாடம் செய்வேன். அவள் குறட்டை விடுவாள். காலையில் வகுப்பில் திரையைப் பார்த்து, "வெளிச்சம் வலது பக்கம் இருந்து வருது. இந்தத் தட்டோட நிழல் மட்டும் ஏன் முன்னாடி விழுது?" என்று சாவகாசமாகக் கேட்பாள். மேடம் பாடத்தை நிறுத்திவிட்டு அவளையே பார்ப்பார். என்னை அப்படி அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. எனக்கு வயிறு பற்றி எரியும்.

ஒன்றே ஒன்றில் நான் அவளை ஜெயித்திருந்தேன். முடி. என் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அதன் நுனிக்கென்றே என் அண்ணி பச்சைக் கம்பளி நூலில் ஒரு கட்டு பின்னி, நடுவில் ஒரு மஞ்சள் மணி கோத்துக் கொடுத்திருந்தாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள். கிராப்பு மட்டும் வாயே திறக்கவில்லை. தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள ஒரு கத்தரிக்கோல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அந்த அலட்சியமும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசித் தேர்வு வந்தது. எங்கள் துறையில் அதற்குப் 'பார்வைத் தேர்வு' என்று பெயர். அருங்காட்சியகத்தில் ஒரு படத்துக்கு முன்னால் தனியாக உட்கார வேண்டும். புத்தகம் கூடாது. படத்தின் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். கண்ணில் படுவதை வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசையில் எழுத வேண்டும். சட்டம், கண்ணாடி இருந்தால் அது, சாயம், அப்புறம்தான் ஆள். ஒரு படத்துக்கு இரண்டு பேர். ஒருவர் காலையில், ஒருவர் மதியத்துக்கு மேல். எழுதியதை மேடம் வகுப்பில் வாசித்துக் காட்டுவார். பயிற்சி இடம் யாருக்கு என்பது அதில்தான் முடிவாகும்.

ஒரே படத்துக்கு அவளும் நானும். என் தலையெழுத்து. அவள் காலையில், நான் மதியம்.

நான் படியேறிப் போனபோது அவள் இறங்கி வந்தாள். பேசக்கூடாது என்பது விதி. என்னைத் தாண்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"படத்துல ரெண்டு பேர் இருக்காங்க. நல்லா பாரு."

சிரிக்கவில்லை. நிற்கவும் இல்லை. கடைசி நேரத்தில் என்னைக் குழப்பிவிடப் பார்க்கிறாள், எவ்வளவு மட்டமான புத்தி என்று திட்டிக்கொண்டே போனேன்.

மாடியில் சின்ன அறை. ஜன்னல் இல்லை. ஒரே கதவு, அதைத் தொட்டாலே கீல் அலறும். வெளியே ஸ்டூலில் காவலாளி. உள்ளே ஒரு பெஞ்சு, எதிர்ச் சுவரில் ஒரு படம். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

படத்தில் ஒரு பெண் நாற்காலியில் இருந்தாள். கை இரண்டும் மடியில். வலது பக்கம் ஜன்னல் வெளிச்சம். இடது பக்கம் பாதிப் படம் வெறும் பழுப்புச் சுவர். ஆள் ஒருத்திதான். நன்றாகத் தேடிவிட்டேன், ஒருத்திதான். கிராப்பு தோற்றாள் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

எழுத ஆரம்பித்தேன். முலாம் பூசிய மரச் சட்டம். கண்ணாடி. கீழ் மூலையில் சாய வெடிப்பு. பெண்ணின் நீண்ட பின்னல்...

அங்கே பென்சில் நின்றது.

பின்னல் நேராகத் தொங்கவில்லை. தோளிலிருந்து நாற்காலிக்குப் பின்னால் போய், சற்று மேல்நோக்கி, விறைப்பாக, பழுப்புச் சுவருக்குள் போய் முடிந்துவிட்டது. நுனியைக் காணோம். தொங்குகிற முடி அப்படி இருக்காது. எனக்குத் தெரியாதா? தினமும் சுமக்கிறவள் நான். யாரோ இழுத்துப் பிடித்திருந்தால்தான் அப்படி நிற்கும்.

ஓவியர் பிழை என்று எழுதினேன். மணி மூன்றரை இருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் படத்தின் கண்ணாடியில் ஒரு உருவம் தெரிந்தது. சரியாக அந்த வெறும் சுவர் இருக்கும் இடத்தில். எனக்குப் பின்னால் யாரோ நின்றால் பிரதிபலிக்குமே, அப்படி. முகம் மங்கல். முடி மட்டும் தெளிவு. கழுத்தோடு ஒட்ட வெட்டிய முடி.

கிராப்பு!

மழைச் சத்தத்தில் நைசாக உள்ளே வந்துவிட்டாள். என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அவள் ஜெயித்த மாதிரி. தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.

அவளும் போகவில்லை.

பின்னங்கழுத்து சில்லென்றது. யாரோ என் பின்னலைத் தூக்கினார்கள். மெதுவாக. எவ்வளவு கனம் என்று பார்க்கிற மாதிரி.

"விடு," என்றேன். "விளையாடாத."

விடவில்லை.

விரல்கள் பின்னல் வழியாக இறங்கின. கீழே... இன்னும் கீழே... நுனி வரைக்கும்.

"எல்லாம்தான் உனக்குக் கிடைக்குதே. இதையாவது விடு," என்றேன். எனக்குப் பயம் இல்லை. அப்போது வரைக்கும் ஆத்திரம்தான்.

கிரிச்...

சின்னச் சத்தம். நெருக்கத்தில்.

கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். அவள் அங்கேயே நின்றாள். என் தலைக்கு மேலே குனிந்து.

அப்போதுதான் உறைத்தது.

கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பது நான்.

அவள் தெரிகிறாள்...

நான் ஏன் தெரியவில்லை?

திரும்பினேன்.

யாருமில்லை.

கதவு மூடியிருந்தது. கீல் அலறவே இல்லை.

தாளை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். காவலாளி எழுந்து என்னம்மா என்றார். யார் உள்ளே வந்தது என்று கேட்டேன். யாரும் வரவில்லை, காலையில் வந்த பெண் அப்போதே இறங்கிப் போய்விட்டது, தான் ஸ்டூலை விட்டு அசையவில்லை என்றார். நான் நம்பவில்லை. இவரையும் கைக்குள் போட்டுக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

விடுதி அறைக்கு வந்து பார்த்தால் பின்னல் அவிழ்ந்து கிடந்தது. நுனியில் ஒரு விரல் நீளம் இல்லை. நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது. அண்ணி கொடுத்த பச்சைக் கட்டையும் மணியையும் காணோம்.

கிராப்பின் கத்தரிக்கோலை எடுத்து அவள் கட்டில்மேல் வீசினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கடைசி வரைக்கும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நான் வெட்டல." அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் வகுப்பில் என் தாளை மேடம் வாசித்தார். இரண்டாவது வரியிலேயே நிறுத்தினார்.

"கண்ணாடியா? எந்தக் கண்ணாடி?"

"படத்து மேல இருக்கே, மேடம்..."

"அந்தப் படத்துக்குக் கண்ணாடியே கிடையாதும்மா. ஒரு நாளும் போட்டதில்ல."

வகுப்பே சிரித்தது. பிறகு கிராப்பின் தாளை வாசித்தார். இரண்டு பெண்கள், ஒருத்தியை மேலே சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள், அவள்தான் பின்னலைப் பிடித்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாள். அவள் எந்த உருவத்தையும் பார்க்கவில்லை. பின்னலை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அருங்காட்சியகத்தில் படத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். பழுப்புச் சுவருக்குள் ஒரு ஆள் நின்றது நிழலாகத் தெரிந்தது.

இடம் அவளுக்குப் போனது.

அவள் அங்கேயே வளர்ந்து பெரிய அதிகாரி ஆனாள். நான் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் சேர்ந்து, எந்த மாதத்துக்கு எந்தப் பூ என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அவள் படம் பேப்பரில் வந்தால் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான். இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த உருவம் எனக்குத்தான் தெரிந்தது, அவளுக்கு இல்லை. ஆனாலும் பலன் அவளுக்கு.

போன மாதம் அவளே போன் செய்தாள். அத்தனை வருடத்தில் முதல் தடவை. அந்தப் படத்தின் மேல்பூச்சை நீக்கிவிட்டார்களாம்.

"நின்னுக்கிட்டிருக்கறவ முழுசா தெரியறா," என்றாள். "என்னை மாதிரியே கிராப்பு. ஒரு கையில உக்காந்திருக்கறவளோட பின்னல்."

"சரி."

"இன்னொரு கையில வெட்டின முடி. ஒரு விரல் நீளம்."

என் கை தானாகப் பின்னலின் நுனிக்குப் போனது.

"அதுல பச்சைக் கம்பளி நூல் கட்டியிருக்கு. நடுவுல ஒரு மஞ்சள் மணி."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேல இருந்த பூச்சு நூறு வருஷத்துக்கு முந்தினது. நம்பாம ரெண்டு எடத்துல குடுத்துச் சோதிச்சோம்." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "நான் வெட்டலன்னு இப்பவாவது நம்புறியா?"

நம்புகிறேன் என்றேன். படத்தில் நிற்கிறவள் யாரைப் பார்க்கிறாள் என்று கேட்டேன். நாற்காலியில் இருக்கிறவளைப் பார்க்கவில்லையாம். படத்துக்கு வெளியே, பெஞ்சின் இடது ஓரத்தைப் பார்க்கிறாளாம்.

அன்று சாயங்காலமே சலூனுக்குப் போய் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். வெட்டிய பின்னலை எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

ஆயுசு முழுக்க நான்தான் மற்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது படத்துக்குள் நிற்கிற அவள் ஒருத்திதான்.