யாரும் வாசிக்கச் சொல்லாத மதியம்

கஜகஸ்தானிலிருந்து என் தோழியின் அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது எங்கள் ஊரில் காலை எட்டரை மணி. அங்கே எட்டு. இரண்டு ஊருக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். நலம் விசாரிக்காமல் எடுத்தவுடன் கேட்டார்: "நீ தனியாக இருக்கிறாயா?"

கதவைச் சாத்திவிட்டு, ஆமாம் என்றேன். மருத்துவம் படிக்கப் போன இடத்தில் ஐந்து வருடம் நான் குடியிருந்தது அவர்கள் வீட்டில்தான். அந்த வீட்டு மகள் என் தோழி. ஜனவரி விடுமுறைக்கு அவள் ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். அண்ணன் சொன்னது இதுதான்: அம்மா விடியற்காலையில் போய்விட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது. "அவளிடம் நீ மட்டும் தனியாகச் சொல்லாதே. ஆட்களைக் கூட்டிக்கொள். வயதானவர்கள் இருக்கட்டும். அதுவரை அவள் கையில் போன் இருக்கக் கூடாது. உறவுக்காரர்கள் மெசேஜ் போட ஆரம்பித்துவிட்டார்கள்."

வீட்டு முற்றத்தில் வட்டக் கூடாரம் அடித்து அம்மாவை அதில் கிடத்தப் போகிறார்கள் என்றார். மண் உறைந்து கிடக்கிறது, குழி தோண்டவே ஒரு நாள் ஆகும். மூன்றாம் நாள்வரை வைத்திருப்பார்கள். மகள் வந்து கூடாரத்துக்குள் நின்று தன் குரலில் அழுது பாடாமல் அம்மாவை எடுக்கக் கூடாது. திருச்சியிலிருந்து இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டு அனுப்பினார். நான்கு மணிக்காவது கார் கிளம்ப வேண்டும். அதற்குள் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தனியாகத் தெரிந்திருக்கக் கூடாது.

அவள் அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் சார்ஜில் இருந்த அவளுடைய போனை எடுத்து, சத்தத்தை நிறுத்தி, அரிசி டிரம்முக்குள் கை முழங்கை வரை நுழைத்துப் புதைத்தேன். என் வாழ்க்கையில் முதல் திருட்டு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அத்தா விசைப்படகு ஓட்டுகிறவர், எழுத்து தெரியாது. அம்மாவுக்குப் பஸ்ஸின் போர்டு படிக்க வராது. நான் பனி மூடிய மலைகள் தெரியும் ஊரில் போய், ரஷ்ய மொழியும் கஜக் மொழியும் பழகி, டாக்டராகி வந்திருக்கிறேன். இங்கே தொழில் செய்வதற்கான தேர்வு இன்னும் பாக்கி. ஆனாலும் தெரு என்னை "டாக்டரு" என்றுதான் கூப்பிடும். அதைக் கேட்கும்போது எனக்கு முதுகு நிமிரும். அதனால்தான் அன்று காலை, இதை நானே பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

சாவுச் செய்தியைச் சொல்வதில் அவர்களுடைய வழக்கம் எனக்குத் தெரியும். எஸ்திர்த்து என்பார்கள். கேட்க வைத்தல் என்று அர்த்தம். அவள் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் கிர்கிஸ் ஊரில் பிறந்தவர். அங்கே வேறு சொல், ஆனால் அதே அர்த்தம், அதே வழக்கம். நான்காம் வருடக் குளிர்காலத்தில் அதை நேரில் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் சாலையில் லாரி கவிழ்ந்து இறந்துவிட்டார். அவளைத் தவிர அந்தக் கட்டிடத்துக்கே தெரியும். பத்துப் பேர் சேர்ந்து அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவள் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். இப்போதெல்லாம் நகரத்தில் பாட்டில்லாமல் பேச்சாகவே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அன்று வந்த பெரியவர் தோம்பிரா வைத்திருந்தார். நீளக் கழுத்தும் இரண்டே கம்பிகளும் உள்ள வாத்தியம் அது. அதை மெல்லத் தட்டிக்கொண்டு, பறவையைப் பற்றி, வற்றிய ஆற்றைப் பற்றி, சுற்றிச் சுற்றிப் பாடினார். இறந்துவிட்டார் என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. இரண்டாவது சுற்றுத் தேநீரின்போது அவள் கை பாதியில் நின்றது. கோப்பை நிறைந்து மேசையில் வழிந்தது. யாரும் துடைக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம் சண்டை போட்டேன். இது சித்திரவதை, பக்கத்தில் உட்கார்ந்து எளிய வார்த்தையில் நேராகச் சொல்ல வேண்டும் என்றுதான் எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருகிறார்கள் என்றேன். அவர் மாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "ஆஸ்பத்திரியில் நீ அப்படிச் சொல். அங்கே நீ ஒருத்திதான் இருப்பாய். இங்கே நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோமே."

இப்போது அந்த அம்மா கூடாரத்துக்குள் இருந்தார்.

என் அம்மாவிடம் அடுப்படியில் வைத்துச் சொன்னேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"அல்லாவே! நேத்துக்கூட போன்ல எனக்குக் கை ஆட்டுனுச்சே அந்தம்மா."

"மெதுவாப் பேசும்மா."

"அவளுக்கு நம்ம பேச்சு புரியுமாக்கும்? ஒங்க அம்மாவுக்கு சீரியஸ்னு சொல்லி ஏத்திவிட்டுரு. நம்ம ஊர்ல அப்புடித்தான சொல்லுவாங்க?"

எங்கள் ஊரில் சீரியஸ் என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் அவளுக்கு அது தெரியாது. நம்பிக்கையோடு ஏறுவாள், வழியில் விமானம் மாறும் இடத்தில் போனைத் திறப்பாள். முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே நூறு இரங்கல் செய்திகள் அவள் முகத்தில் வந்து விழும்.

"நானே சொல்றேன்மா. நான் டாக்டர்."

"சரிங்க டாக்டரு, போங்க," என்றார் அம்மா. கிண்டலாகத் தொடங்கியது கடைசியில் கிண்டலாக இல்லை.

அவள் மாடியில் இருந்தாள். ஈரத் தலையோடு தோம்பிராவை மடியில் வைத்து முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாள். கடல்காற்று பட்டு மரம் ஊறிவிட்டது என்றாள். "கேள், குரல் இறங்கிப்போச்சு. எவ்வளவு முறுக்கினாலும் நிற்கமாட்டேன் என்கிறது." ஒருமுறை மீட்டினாள். உண்மையிலேயே அது வேறு யாரோ முனகுவதுபோல் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், வகுப்பில் சொல்லித்தந்தபடி. அவள் முகத்துக்கு நேராக என் முகத்தை வைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன்.

"டீ குடிக்கிறியா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "இப்போதானே குடித்தோம்? என் போனைப் பார்த்தாயா?"

சார்ஜ் பின் உடைந்துவிட்டது, கடையில் கொடுத்திருக்கிறேன் என்றேன். "நல்லதாப் போச்சு. இன்றைக்கு ஒருத்தரும் என்னைக் கூப்பிட வேண்டாம்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆணியைத் திருகத் தொடங்கினாள்.

நான் கீழே இறங்கி வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தார். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிமிடம் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கடந்துபோன வீடுகளில் சத்தம் அடங்கியது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. ஐஸ் பிளான்டில் வேலை பார்க்கும் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தெருவுக்கு அவள் பன்னிரண்டு நாள் பழக்கம். "ரெண்டு கம்பிப் புள்ள" என்று பெயர் வைத்திருந்தார்கள். தினமும் மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துப் பெண்கள் எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார்கள். அவளுடைய இசைத் துண்டுகளில் பாட்டு கிடையாது. வார்த்தையே இல்லாமல் இரண்டு கம்பியில் ஒரு கதை. வந்தவர்கள் கதையைக் கண்டுபிடிக்கப் பந்தயம் கட்டுவார்கள். "குதிர ஓடுது." "இல்லடி, ரயிலு." எல்லோருக்கும் முன்னால் உட்காருவது பக்கத்து வீட்டு மாமி. முதல் நாளே அவர் என்னைத் துருவினார்.

"குதிரக் கறி திங்கிற ஊராமுல்ல? கேளு."

கேட்டுச் சொன்னேன். "கல்யாணம் மாதிரி விசேஷத்துக்குத்தானாம், மாமி."

"அப்ப மாப்பிள்ள எதுல ஏறி வருவாரு?"

மொழிபெயர்த்ததும் தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து மாமிதான் தினமும், "ம், வாசிம்மா" என்று தொடங்கிவைப்பார். அத்தா மட்டும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார். வீட்டுக்குள் வாத்தியம் கூடாது என்பது அவர் எண்ணம். விருந்தாளியிடம் ஒரு சொல் சொன்னதில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு நடந்துவிடுவார்.

மதியம் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் பொரித்திருந்தார் அம்மா. தோழி தட்டைத் தூக்கிப் பிடித்து, "உன் போனைக் கொடு, அம்மாவிடம் காட்ட வேண்டும்," என்றாள். தினமும் காட்டுவாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தேன். நெட் இல்லை என்றேன். தட்டை இறக்கி வைத்து, "சரி, நாளைக்குக் காட்டுகிறேன்," என்று முள்ளை எடுக்க ஆரம்பித்தாள். அம்மா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது.

மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். வழக்கமாக எட்டுப் பேர். அன்று இருபதுக்குக் குறையாது. செருப்புகளைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். அன்று கடலுக்குப் போகாத நாள். அத்தா தொப்பி அணிந்து வந்து, கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தோழி தோம்பிராவோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து தலையை ஆட்டினாள். பாயில் தன் இடத்தில் உட்கார்ந்து, கம்பிகளுக்கு மேலே விரல்களை வைத்து, மாமியைப் பார்த்தாள்.

மாமி தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் காத்திருந்தாள். புன்னகை இன்னும் இருந்தது. மாமிக்கு அடுத்தவளைப் பார்த்தாள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஐஸ் பிளான்ட் பெண் சுவரைப் பார்த்தாள். குளிர்பதனப் பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது. இருபது பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர்கூட வாசி என்று சொல்லவில்லை. அவள் கண் ஒவ்வொரு முகமாக நகர்ந்து கதவோரத்துக்குப் போனது. பன்னிரண்டு நாளில் ஒருமுறைகூட அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உட்காராத மனிதர் அங்கே உட்கார்ந்திருந்தார். கடைசியாக என்னைப் பார்த்தாள். நான் துப்பட்டா நுனியைக் கயிறாக முறுக்கிவைத்திருந்தேன்.

விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்தாள். வாத்தியத்தைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தாள்.

"யார்?" என்று தன் மொழியில் கேட்டாள்.

அந்தச் சொல்லை யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. அத்தாதான், இறப்புச் செய்தி கேட்டால் எங்கள் ஊரில் சொல்லும் அரபு வாக்கியத்தின் முதல் பாதியைத் தாழ்ந்த குரலில் சொன்னார். அவளுக்கும் அது பிறந்ததிலிருந்து தெரிந்த வாக்கியம். மீதிப் பாதியை அவள் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அது கேட்டதுபோல் இருந்தது.

"அம்மாவா?" என்றாள் என்னிடம்.

"ஆமாம்."

அவள் எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு பாடத் தொடங்கினாள். அவர்கள் ஊரில் பெண்கள் அப்படித்தான் அழுவார்கள். அழுகையும் பாட்டும் ஒன்றாக, ஒரே மூச்சில் நீண்டு போய்க் கடைசியில் தடாலென்று விழும். முதல் இரண்டு மூச்சில் குரல் உடைந்தது. மூன்றாவதில் நிலைத்து நின்றது. ஒரு இளம்பெண் என் காதோரம், "சத்தம் போட்டு அழக்கூடாதுன்னு சொல்லு, எறந்துபோன மய்யித்துக்கு வேதன," என்றாள்.

"நீ சும்மா இருடி," என்றார் மாமி. "அவுங்க வழி அது. நமக்கென்ன தெரியும் அங்கிட்டு நடக்குறது?"

யாரும் எழுந்துபோகவில்லை. என் அம்மா அவளுக்குப் பின்னால் போய், விழுந்தால் பிடிப்பதற்குத் தயாராக நின்றார். பாட்டில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். நான் வருவதற்குள் உன் கை குளிர்ந்திருக்கும் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை.

நான்கு மணிக்குக் கார் கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன். அரிசிமாவு ஒட்டியிருந்த போனைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். அண்ணனிடம் மட்டும் பேசினாள். பிறகு அணைத்துவிட்டாள். அறந்தாங்கி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சாலையோரத்துக் கண்மாய்களில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு எப்போது தெரியும்?" என்றாள், திரும்பாமல்.

"எட்டரைக்கு."

"மாடிக்கு வந்தபோது?"

"தெரியும்."

"மீன் சாப்பிட்டபோது?"

"தெரியும்."

"உன் அம்மாவுக்கு? அந்தத் தெருவுக்கு?"

"எல்லோருக்கும் தெரியும்."

புதுக்கோட்டை ஊருக்குள் கார் நுழைந்து, நெரிசலில் நின்று நின்று நகர்ந்தபோது சொன்னாள்: "அப்படியென்றால் மூன்று மணி வரைக்கும் எனக்கு ஒருத்திக்கு மட்டும் அம்மா உயிரோடு இருந்திருக்கிறாள்."

அது நன்றியா, குற்றச்சாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குரலில் இரண்டுமே இல்லை. ஒரு ஸ்கேனைப் பார்த்து இருப்பதை மட்டும் சொல்கிறவர்கள் அப்படிச் சொல்வார்கள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஏசிய கொறைக்கவாங்க?" என்றார்.

மறுநாள் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அண்ணன் எழுதியிருந்தார். கூடாரத்துக்குள் விடியும்வரை அவள் குரல்தான் கேட்டதாம். அவளிடமிருந்து இதுவரை எனக்கு ஒரு சொல் வரவில்லை.