மூன்று நிமிடம் பின்னால்

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இப்போது மணி என்ன என்று முடிவு செய்வது யார்? யோசித்துச் சொல்லுங்கள். திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் அதை முடிவு செய்தவள் தாஹிரா.

தண்டையார்பேட்டைக்காரி. வயது முப்பத்து நாலு. பாலிடெக்னிக் முடித்து, காண்டிராக்டில் சேர்ந்து, ஏழு வருடமாக அந்த யார்டின் கணினிகளையும் கேமராக்களையும் கட்டி மேய்த்தவள். எலி கடித்த கேபிள் முதல் மேனேஜரின் மறந்துபோன பாஸ்வேர்டு வரை எல்லாம் அவள் தலையில். இத்தனைக்கும் நடுவில் யார் கண்ணிலும் படாத ஒரு வேலை உண்டு: எல்லா இயந்திரங்களையும் ஒரே மணி காட்ட வைப்பது.

மொட்டைமாடியில் ஒரு ஆன்டெனா செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கிக் கீழே ஒரு பெட்டிக்குத் தரும். மற்ற இயந்திரங்கள் நிமிடத்துக்கு ஒரு தரம் அந்தப் பெட்டியிடம் மணி கேட்கும். பதில் வந்து சேர்வதற்குள் கொஞ்சம் நேரம் கழிந்திருக்குமே? அதனால் கேள்வி போய்ப் பதில் திரும்பிய மொத்த நேரத்தில் பாதியைப் பதிலோடு கூட்டிக்கொள்ளும். கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்மேன் சுயம்புவிடம் ஒருநாள் டீக்கடையில் இதைச் சொன்னபோது அவர் மடக்கினார்.

"பாரிமுனைக்குப் போவ ஒண்ணரை மணி, வர முக்கா மணி. பாதி பாதின்னா எப்டிம்மா? நடுவுல லாரி நிக்கிறது உன் பொட்டிக்குத் தெரியுமா?"

போகும் வழியும் வரும் வழியும் சமம் என்று நம்புவதுதான் இந்த வித்தையின் பலவீனம். எட்டாவதோடு நின்றவர் ஒரு வாய் டீக்குள் அதைப் பிடித்துவிட்டார்.

இனி ராகு வருகிறார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கும். அதற்குள் முதல் லாரி கேட்டைத் தாண்டியாக வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. ஆனால் ரசீது ஏழு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்றே விழும். முதலாளி அதைத் தன் போனில் பார்த்துவிட்டு மேனேஜர் ஆன்றோவைக் காய்ச்சுவார். ஆன்றோ ஒரு வழி கண்டுபிடித்தார். கேட் கணினியை ஆன்டெனாவிடமிருந்து பிரித்து, மூன்று நிமிடம் பின்னால் வைக்கச் சொன்னார். தாஹிரா சிரித்துக்கொண்டே வைத்தாள். கிரகணத்தை விநாடி பிசகாமல் கணிக்கிற காலத்தில், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் கிறிஸ்தவரும் ஐந்து வேளை தொழுகிற முஸ்லிம் பெண்ணும் சேர்ந்து ராகுவுக்கு வேலை செய்தார்கள். நம்பாதவர்களும் கைகட்டி நிற்பதால்தான் மூடத்தனம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. கணினியின் மணி தானாகக் கொஞ்சம் முன்பின் நகரும் என்பதால், ஒவ்வொரு திங்களும் காலை ஏழு மணிக்கு அவளே கையால் மூன்று நிமிடத்தைத் திருத்தி வைப்பாள்.

போன திங்கள், கிரேன் இறக்கிய கண்டெய்னர் மாசானத்தின் காலை நசுக்கியது. கண்டெய்னர்களைக் கட்டுகிற தொழிலாளி அவர். இப்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பழி சுயம்புவின் மேல் விழுந்தது. அவர் கையிலிருக்கும் கருவியில் நிறுத்து என்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தியது 7:31:20. கிரேனின் பதிவில் கண்டெய்னர் இறங்கியது 7:28:55. கால் போய் இரண்டரை நிமிடம் கழித்து ஆள் பொத்தானை அழுத்தியிருக்கிறார், தூங்கிக்கொண்டிருந்தாரா என்று கேட்டது கம்பெனி நோட்டீஸ். வியாழன் பதினொரு மணிக்குத் தொழிலாளர் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் முன்னால் விசாரணை. வேலை போகும், போலீஸ் வழக்கும் வரும்.

சுயம்பு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். முதலில் அழுத்தினேன், கிரேன் கேபினில் மணி அடிக்கவில்லை. அந்த மணி பழுதென்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் யாரும் பார்க்கவில்லை. காகிதத்துக்கு முன்னால் அவர் வாய்ச்சொல் எடுபடவில்லை.

வியாழன் காலை நோட்டீஸை அறிவிப்புப் பலகையில் படித்தபோதுதான் தாஹிராவுக்கு உறைத்தது. சுயம்புவின் கருவி போன் சிம்மிலிருந்து மணி எடுக்கிறது. கிரேன் ஏப்ரலில் வந்த புதுசு. அது எங்கிருந்து எடுக்கிறது? கிரேனிடம் ஓடினாள். வழியில் லாரிகள் ஹாரன் அடித்துத் தள்ளின. பார்த்தால், கிரேனைப் பொருத்த வந்தவர் பக்கத்தில் இருக்கிறதென்று, மணி கேட்கக் கேட் கணினியையே அதற்குக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அன்று அவள் லீவு. அதற்குப் பிறகும் சரிபார்க்கவில்லை.

ஆன்டெனா பெட்டியோடு கேட் கணினியை ஒப்பிட்டாள். மூன்று நிமிடம் ஒரு விநாடி பின்னால். அந்த ஒரு விநாடி மூன்று நாளில் கணினி தானாகத் தவறவிட்டது. மூன்று நிமிடம் அவள் கை. கிரேனின் நேரத்தோடு மூன்றைக் கூட்டினால் 7:31:55. சுயம்பு முப்பத்தைந்து விநாடி முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மணி பத்து ஐம்பது. போன் அடித்தது. ஆன்றோ.

"தாஹிரா, இன்ஸ்பெக்டர் வந்தாச்சு. கேட் கம்ப்யூட்டர் டைம கரெக்டா வச்சிரு. இப்பவே."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், கேட் கணினி சரியான மணிக்கு வந்துவிடும். சாட்சி அழிந்துவிடும். அவள் ஒப்பந்தம் மார்ச் வரை பத்திரம். மகள் நவ்ரீனின் பள்ளி, வீட்டு வாடகை எல்லாம் அந்த விரல் நுனியில் நின்றன. கை பொத்தான்மேல் போய்த் திரும்பியது. மறுபடி போனது. பிறகு போனை எடுத்து, இரண்டு திரைகளையும் சேர்த்துப் படம் பிடித்தாள். அச்சடித்தாள். விசாரணை அறைக்குள் நுழைந்தாள்.

வெளியே நிற்கச் சொன்னார் ஆன்றோ. அவள் காகிதத்தை இன்ஸ்பெக்டர் முன்னால் வைத்தாள்.

"கேட் கம்ப்யூட்டர் மணிய பின்னால வச்சது நான் சார். வைக்கச் சொன்னது இவரு. முதல் லாரி ராகு காலத்துக்கு முன்னாடி போனமாரி காட்டணுமாம். கிரேனும் அந்த மணியத்தான் எடுக்குது. சுயம்பண்ணன் முன்னாடியே அழுத்திட்டாரு. நீங்களே வந்து பாருங்க, இன்னும் மாத்தல."

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ப் பார்த்தார். கிரேன் கேபினின் மணியையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அடிக்கவில்லை.

சுயம்புவின் நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. வெள்ளிக்கிழமை தாஹிராவின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவளைக் கேட்டில் சுயம்பு மறித்தார்.

"நீ வச்ச மணி. நீயே போட்டுக் கொடுத்துகினியேம்மா."

"உன் மேல பழி வரச்சொல்ல சும்மா இருந்துட்டு, அப்புறம் உன்கூட டீ குடிக்க முடியுமாண்ணா?"

இப்போது அவள் வேலை தேடி அலைகிறாள். நீங்கள் அவளுக்காக இரக்கப்பட வேண்டாம். நாளைக் காலை வேலைக்குப் போனதும் வருகைக் கருவியின் மணியையும் உங்கள் போனின் மணியையும் ஒரே படத்தில் பிடியுங்கள். வித்தியாசம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். யாராவது உங்கள் பக்கத்து ஆளின் மேல் நேரத்தைக் காட்டிப் பழி போடும் நாளில், அந்தப் படத்தோடு உள்ளே நுழையுங்கள்.