சுமதி செய்யாத தவறு

வியாழக்கிழமை காலை, கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் முன்பு வேலை பார்த்தவர்களின் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. சுமதி இறந்துவிட்டார். காய்ச்சல் என்று சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள். ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் அதற்குப் பதிலாக இப்போது இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் இருந்த அந்த ஹேச்சரியின் கம்ப்யூட்டர்களை நாங்கள் இருவரும்தான் கவனித்துக்கொண்டோம். நான் பொறுப்பாளர். அவர் எனக்குக் கீழே. ஆனால் என்னைவிடக் கெட்டிக்காரர். கம்ப்யூட்டரின் பின்னணியில் ஓடும் ஏதாவது சர்வீஸ் நின்றுபோனால் நான் பதறிப்போய்த் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வேன். "ஏனுங்க்கா, உழுந்து கெடக்கறத சும்மா எழுப்பி உட்டா நிக்குமுங்களா? எதுக்கு உழுந்துச்சுன்னு லாக்ல படிங்க" என்று, கம்ப்யூட்டர் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் அந்தப் பதிவைக் காட்டி, என் கையைக் கீபோர்டிலிருந்து விலக்குவார்.

முட்டை அறைகளைக் கண்காணிக்கும் லினக்ஸ் விர்ச்சுவல் சர்வரை நாங்கள் அப்கிரேடு செய்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். முடிந்ததும் மற்றதெல்லாம் ஓடியது. முட்டை அறைகளில் சூடு ஏறினால் எச்சரிக்கும் அலாரம் சர்வீஸ் மட்டும் எழவில்லை. சுமதி லாகை வரிவரியாகப் படித்தார். அப்கிரேடில், அலாரத்துக்கான ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கின் பெயர் மாறியிருந்தது. சர்வர் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. அவர் கட்டளை தட்டி டிஸ்க்கை இணைத்ததும் அலாரம் ஓடியது.

"இப்ப நாமளா ஓட்டி உட்டிருக்கறமுங்க்கா. பழைய பேர மாத்திப்போட்டு ஒருக்கா ரீபூட் பண்ணிப் பாத்தரலாம். தானா எந்திரிக்கோணுமில்லீங்க?"

"அதான் ஓடுதே. திங்கக்கிழம பாத்துக்கலாம்" என்றேன். மதியம் உறவில் ஒரு வளைகாப்பு. எனக்கு அவசரம்.

ஞாயிறு பிற்பகல் மின்சாரம் தடுமாறி, சர்வர் அணைந்து மீண்டது. அலாரம் மீளவில்லை. ஒரு முட்டை அறையின் விசிறி நின்றது யாருக்கும் தெரியவில்லை. கதவைத் திறந்தபோது உள்ளே அனல். இரண்டு மூன்று நாளில் வெளிவர வேண்டிய குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தன.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார்: "அலாரத்தக் கடைசியாப் பாத்தது யாருங்க?"

"சுமதிங்க" என்றேன்.

அது பொய் இல்லை. சுமதி என்னைப் பார்த்தார். மீதியையும் நான் சொல்வேன் என்று காத்திருந்தார் போல. பிறகு, "ரீபூட் பண்ணாம உட்டது தப்புதானுங்க" என்றார். அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

துக்கம் கேட்க, சுமதியின் ஊரான ஜேடர்பாளையம் போனேன். என் பெயரைக் கேட்டதும் அவர் கணவர் எழுந்து நாற்காலி போட்டார். "நீங்கதானுங்களா அது? சேலத்துல வேலைக்கு எழுதிப் போடறப்ப, விசாரிக்கறதுக்கு உங்க பேரத்தான் குடுத்தாளுங்க. எங்க அக்கா நல்லதாத்தான் சொல்லுவாங்கன்னா."

அந்தச் சேலம் அலுவலகத்தினர் என்னிடம் விசாரித்தபோது நல்லவிதமாகத்தான் சொன்னேன். அலாரம் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அன்று அவர் கணவரிடமும் சொல்லவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தக் குழுவில் இருக்கும், அவரோடு வேலை பார்த்தவர்களே, அந்தக் குஞ்சுகள் செத்தது சுமதியால் என்றுதான் இன்றும் நினைக்கிறீர்கள். அவர் ரீபூட் செய்யச் சொன்னார், தட்டிக்கழித்தது நான். முதலாளிக்கும் இதை எழுதிவிட்டேன். அடுத்து மறுபடி ஜேடர்பாளையம் போய் அவர் கணவரிடமும் சொல்ல வேண்டும்.

பதறாமல் லாகைப் படிக்கும் பழக்கத்தைச் சுமதியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு என்னிடமே தங்கிவிட்டது.