ஜெசிந்தா எழுதாத சொல்

ஜெசிந்தாவின் சாவுச் செய்தி வந்தபோது நான் முசலியில் ஒரு காற்றுமானிக் கம்பத்துக்குக் கீழே நின்றேன். அவருடைய தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணை, அக்கா காலமை மோசம் போயிட்டா." சிறுநீரகம் பழுதாகி எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர், எதிர்பார்த்ததுதான். "சரி" என்றேன். கழற்றிய ஆணிகளைத் திரும்பப் பூட்டிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

இதைத் தாழ்வுபாட்டு மக்களுக்காக எழுதுகிறேன். ஜெசிந்தா உங்கள் ஊரவர். மன்னார் நகரத்திலுள்ள எங்கள் சிறிய கந்தோரில் என்னோடு ஒன்பது வருடம் கணினி நிரல் எழுதியவர். உங்களில் பலர் அவருக்குக் 'காத்தில்லை மிஸ்' என்று பட்டம் வைத்திருந்தீர்கள். அந்தப் பட்டம் அவருக்குச் சேர வேண்டியதல்ல. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். கரையிலும் கடலுக்குள்ளும் நட்ட கம்பங்கள் காற்றின் வேகத்தை அளக்கும். நாங்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு சராசரி எடுத்து உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்புவோம். உப்புப் பிடித்துக் கம்பம் நின்றுபோனால் ஓர் அளவும் வராது. சராசரி எடுக்கப்போய்ப் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்த கணினி, 'இது எண் அல்ல' என்றொரு விசேட மதிப்பைத் தரும். ஆனால் தரவை அனுப்ப நாங்கள் பாவிக்கும் ஜேசன் என்ற வடிவத்தில் அந்த மதிப்புக்கு இடமில்லை. அதை வெறுமையாக்கி அனுப்பலாம் என்று முடிவெடுத்தவன் நான். வெறுமை வந்தால் திரையில் 'இல்லை' என்று காட்டச் சொல்லி எழுதியவனும் நான்தான். நான் வெள்ளாங்குளத்து வயல்காரனின் மகன். அளவு இல்லை என்ற கருத்தில்தான் எழுதினேன். 'காற்று: இல்லை' என்பதைக் கடலுக்குப் போகிறவர் எப்படி வாசிப்பார் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள் உங்கள் ஊர்க் கிறிஸ்தோப்பர் அண்ணை அதை வாசித்தார். கரையில் ஓர் இலைகூட அசையவில்லை. வெளியே எப்படி என்று தொலைபேசியைப் பார்த்திருக்கிறார். 'காற்று: இல்லை.' வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். வெளியே சோளகம் மூர்க்கமாக வீசியது; நின்றுபோயிருந்தது எங்கள் கம்பம்தான். மறுநாள் மத்தியானம் முசலிப் பக்கக் கரையில் கை முறிந்த நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். வள்ளமும் வலையும் போய்விட்டன.

ஊர் எங்களைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டது. வாசலில் ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீர் வாயைத் திறக்காதையும். உம்மை இவைக்குத் தெரியாது, அடிதான் விழும். என்னையெண்டால் ரெண்டு நாள் ஏசிப்போட்டு விட்டிடுவினம்." உள்ளே போய்ப் பங்குச் சுவாமியாருக்கு முன்னால் எழுந்து நின்று, "பிழை எங்கட. எழுத்து வேலையைப் பாக்கிறது நான்" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை; அந்த 'இல்லை'யை எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் பின்வரிசைக் கதிரையில் குந்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே பழுதைத் திருத்த உட்கார்ந்தார். 'எண் அல்ல' என்ற மதிப்பு வந்தால் வெறுமையாக்காமல் 'தெரியாது' என்ற சொல்லாகவே அனுப்பும்படி தனியாக ஒரு மாற்றியை எழுதினார். கணக்குப் பிழைத்து முடிவிலி வந்தால் 'கம்பத்தை நம்பாதீர்கள்' என்று போகும். எண்ணை எதிர்பார்த்திருந்த மறுபக்க நிரல்கள் எல்லாம் சொல்லைக் கண்டு முறிந்து விழுந்தன. எனக்கு எரிச்சல். "கணினிக்குத் தமிழ் படிப்பிக்கிறீரோ?" என்று கேட்டேன்.

"ஓம். உமக்குத்தான் முதல்ல படிப்பிச்சிருக்க வேணும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு சொன்னார்: "பூச்சியமெண்டால் அளந்து பாத்தது. இது அளக்கவே இல்லை. ரெண்டையும் ஒரு பெட்டிக்குள்ள போடாதையும்." ஒரு கிழமை மினக்கெட்டு, முறிந்த ஒவ்வொன்றையும் அவரே சரிசெய்தார். இன்றைக்கும் உங்கள் திரையில் 'தெரியாது' என்று வருவது அவர் எழுதிய சொல்.

இரண்டு நாளில் ஏச்சு ஓயவில்லை. மீன் வாங்கப் போன இடத்தில் அவருடைய அம்மாவின் காதிலும் அந்தப் பட்டம் விழுந்தது. அன்றைக்குப் பின்னேரம் கந்தோரில் நான் ஜெசிந்தாவிடம் போய், "எழுதினது நான் எண்டு சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"இப்ப போய்ச் சொன்னால் ரெண்டு பேரும் சேந்து பொய் சொன்னதெண்டு ஆகும். விடும்."

நான் விட்டேன். எனக்காக அவர் பட்டதை நினைத்து வருந்தினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அந்த நேரம் எனக்கு வந்தது நிம்மதி. வருத்தம் பிறகுதான் வந்தது, அதுவும் அவர் படுக்கையில் விழுந்த பிறகு.

அடக்கத்தன்று சேமக்காலையில் கிறிஸ்தோப்பர் அண்ணை என் பக்கத்தில் நின்றார். முறிந்த கை இன்னும் நேராகவில்லை; மற்றக் கையால்தான் மண் போட்டார். திரும்பி என்னிடம் சொன்னார்: "நல்ல பிள்ளை, தம்பி. ஒரு சொல்லுத்தான் பிழைச்சுப் போச்சு. நான் அதை எப்பவோ மன்னிச்சிட்டன்." அப்போதும் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜெசிந்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மன்னிப்பு ஒன்றுதான். என் பிழைக்கான அதை அவர் பெயரில் வாங்கி வைத்திருக்கிறேன். கிறிஸ்தோப்பர் அண்ணை, நீங்கள் ஆள் மாறி மன்னித்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எழுதியவன் நான். இனி மன்னிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.