நவுஷ்கி நிலையத்தில் இரண்டு காற்சட்டை

சுவிஸில், இன்டர்லாக்கன் நகரத்து ஹோட்டல் சமையலறை ஒன்றில் இருபத்தைந்து வருசமாக நிற்கிற தவராஜாவுக்குக் கத்தி பயமில்லை, கொதிக்கிற எண்ணெய் பயமில்லை, கத்துகிற ஷெஃப்பும் பயமில்லை. சீருடைதான் பயம். ரயிலில் டிக்கெற் பார்க்கிறவர் இரண்டு பெட்டி தள்ளி வரும்போதே தன் வருசப் பயண அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டிருப்பார். மகன் ஜெனுசன் ரயில்வேயில் தொழில் பழகச் சேர்ந்து, முதல்நாள் சீருடையோடு வந்து வீட்டு மணியை அடித்தபோது, கதவுத் துளையால் பார்த்த மனிதர் திறக்கவே இல்லை. "அப்பா, நான்தான்!" என்று அவன் வெளியே நின்று கத்தவேண்டி வந்தது.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வீடு சிரிக்கும். பயம் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டதில்லை. "நான் பிளேனிலை வந்தனான்" என்ற ஒரு வரியோடு தவராஜா தன் வரலாற்றை முடித்துவிடுவார். அது பாதி உண்மை.

மற்றப் பாதி மொஸ்கோவில் கிடந்தது. 1992 மார்கழியில், இருபத்துநாலு வயதில், அவர் சிவலிங்கம் என்ற பெயரோடு அங்கே போய் இறங்கினார். வேறொருவருடைய பாஸ்போட்டில் படத்தை உரித்துவிட்டுத் தன் படத்தை ஒட்டுவதற்கு அந்த நாளில் 'தலை மாத்துறது' என்று பெயர். சுவிசுக்குக் கொண்டுபோய் விடுவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் இரண்டு அறை மாடிவீடு ஒன்றில் பத்தொன்பது பேரை அடைத்து வைத்தான். பகலில் யன்னல் சீலையை விலக்கக்கூடாது, கழிவறைத் தண்ணீரை இழுக்கக்கூடாது, தும்மல் வந்தால் தலையணைக்குள் தும்மவேண்டும். ஒருநாள் பொலிஸ் கதவை உடைத்தது. உடுத்த உடுப்போடு இழுத்துப் போனார்கள். சூடு போடாத அறையில் மூன்று நாள். பத்து விரலையும் மையில் தோய்த்துக் கடதாசியில் உருட்டினார்கள். ஏஜென்சிக்காரன் யாரையோ பிடித்து வெளியே எடுத்தான். அதற்குப் பிறகு மொஸ்கோவில் இருந்த மாதங்கள் முழுவதும் தவராஜா படுக்கும்போதும் இரண்டு காற்சட்டை, இரண்டு சேட்டோடுதான் படுத்தார். சுவிஸில் சூக் நகரத்துக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்த அண்ணனின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி இடுப்புப் பட்டிக்குள் வைத்துத் தைத்திருந்தார். பிடித்துக்கொண்டு போனால் குளிரில் சாகக்கூடாது, செத்தாலும் யாருக்குச் சொல்வது என்று தெரியவேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இது மனைவி ஜெயகௌரிக்கு மட்டும் தெரியும்.

2019இல் மகள் மதுஜா பேர்ண் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பிள்ளை அவள். தவராஜா அந்தக் கடதாசியைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் பிறகு பெரிய கண்ணாடிச் சட்டத்திலும் மாட்டினார். "என்ன வேணும், கேள் பிள்ளை" என்றார்.

"நாங்கள் நாலு பேரும் ரயிலிலை ரஷ்யாவைக் கடந்து மங்கோலியாவுக்குப் போகவேணும்" என்றாள் மதுஜா. ரயில் பைத்தியமான ஜெனுசன் கதிரையில் ஏறி நின்று கைதட்டினான்.

தவராஜா மொஸ்கோவை நினைத்தார். நகை கேட்டிருக்கலாம், கார் கேட்டிருக்கலாம். கேள் என்று சொன்ன வாயால் இல்லை என்று எப்படிச் சொல்வது?

விசா விண்ணப்பத்தை மதுஜா மடிக்கணினியில் நிரப்பினாள். பெயர், பிறந்த இடம், வேலை. பிறகு ஒரு கேள்வி: இதற்கு முன் ரஷ்யாவுக்கு வந்திருக்கிறீர்களா?

"இதுக்கு இல்லைதானே" என்று சொல்லிக்கொண்டே அவள் விசையைத் தட்டிவிட்டாள். அந்தக் கணம் தவராஜா வாயைத் திறந்திருக்கலாம். அடுப்படியில் நின்ற ஜெயகௌரி திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கையொப்பம் வைத்தார்.

அன்றிலிருந்து நித்திரை போயிற்று. தன்னுடைய சுவிஸ் பாஸ்போட்டுக்குள் இருக்கிற சிப்பில் விரல் அடையாளம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மொஸ்கோவில் எங்கோ ஓர் அலுமாரியில் அதே பத்து விரல் சிவலிங்கம் என்ற பெயரில் கிடக்கிறது. இரண்டையும் ஒரு இயந்திரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்?

"இருபத்தேழு வருசக் கடதாசியை எலி திண்டிருக்கும்" என்றாள் ஜெயகௌரி. "பயமெண்டால் பிள்ளையளிட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டிப் பேசாமல் பெட்டியைக் கட்டுங்கோ."

அவர் பெட்டியைக் கட்டினார். சமையலறையில் போடுகிற தடித்த வேலைக் காற்சட்டையை யாருக்கும் தெரியாமல் அடியில் வைத்தார். அதன் இடுப்புப் பட்டியைச் சற்றுப் பிரித்து, அண்ணனின் இலக்கத்தை எழுதிய துண்டை வைத்துத் தைத்தார்.

மொஸ்கோ விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெடியன் முத்திரையைக் குத்தி, முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டான். ஜெயகௌரி கண்ணால் சிரித்தாள். தவராஜா சிரிக்கவில்லை. "உள்ளுக்கு விடுவாங்கள், வெளியாலை போகேக்கைதான் பிடிப்பாங்கள்" என்று அந்தக் காலத்தில் ஏஜென்சிக்காரன் சொன்னது காதுக்குள் நின்றது.

ரயில் கிழக்கே ஓடிய நாலு நாளும் பிள்ளைகளுக்குத் திருவிழா. பெட்டி மூலையில் இருந்த வெந்நீர்த் தாங்கியில் நூடில்ஸ் ஊறவைத்துச் சாப்பிட்டார்கள். பூர்ச்ச மரக்காடு முடிந்து சதுப்பு, சதுப்பு முடிந்து மறுபடி காடு. ஜெனுசன் ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி எஞ்சினைப் படம் எடுத்தான். தவராஜா யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து அறையில் சில ஆட்கள் குடித்துவிட்டுப் பாடினார்கள். பெட்டிக்குப் பொறுப்பான பெண் வந்து சுவரில் அடித்து, "தீஹோ!" என்று அதட்டினாள்.

தவராஜா யன்னல் சீலையை இழுத்து மூடினார். விளக்கை அணைத்தார். ஜெயகௌரியின் தோளைப் பிடித்துக் கீழே அமர்த்திவிட்டு, வாயில் விரலை வைத்துக்கொண்டு தரையில் குந்திவிட்டார். எல்லாம் மூன்று நொடிக்குள்.

மேல் படுக்கையிலிருந்து ஜெனுசன் தலையை நீட்டினான். "அப்பா, என்ன விளையாட்டு இது?"

"தலையிடியடா அவருக்கு" என்றாள் ஜெயகௌரி.

மதுஜா சிரிக்கவில்லை. "அந்த மனிசி சொன்னது உங்களுக்கு விளங்கினதோ, அப்பா?"

"சத்தம் போடாதேங்கோ எண்டு... அது ஆருக்கும் விளங்கும்தானே."

"எனக்கு விளங்கேல்லையே."

அவர் எழும்பி வெந்நீர் எடுக்கப் போனார். மதுஜா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இர்குட்ஸ்கில் ரயில் மாறினார்கள். விடிய ஏறினால் அந்தி சாயும்போது நவுஷ்கி. ரஷ்யாவின் கடைசி நிலையம் அது. மங்கோலியாவுக்குத் திரும்பும் வியாபாரிகள் பெட்டி முழுக்க நிறைந்திருந்தார்கள். சாமான்களை உறையிலிருந்து கழற்றுவதும் படுக்கைகளுக்கு அடியில் செருகுவதுமாக ஒரே அமளி.

"அப்பா, வந்து பாருங்கோ! அந்த அம்மா ஒண்டுக்கு மேலை ஒண்டா மூண்டு ஜக்கெற் போட்டிருக்கிறா" என்று ஜெனுசன் சிரித்தான். "சுங்கத்துக்குத் தப்பவாம். எங்களையும் ஒண்டு போடச் சொல்லிக் கேக்கிறா."

தவராஜா போய்ப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு அவர் கதவைச் சாத்தினார்.

"ரண்டு பேரும் இருங்கோ. ஒரு விசயம் சொல்லோணும்."

சொன்னார். சிவலிங்கம், பத்தொன்பது பேர், மூன்று நாள், பத்து விரல். இருபத்தேழு வருசம் வாயில் வராத கதை பத்து நிமிசத்தில் முடிந்துபோனது அவருக்கே அதிசயமாக இருந்தது. "வாறவங்கள் என்னை இறக்கினால் நீங்கள் ஒருத்தரும் இறங்கக்கூடாது. அழக்கூடாது, கேள்வி கேக்கக்கூடாது. மங்கோலியாவுக்குப் போய், அங்கையிருந்து பெரியப்பாவுக்கு அடியுங்கோ."

"ரயில் ஒண்டே முக்கால் மணித்தியாலம் நிக்கும்" என்றான் ஜெனுசன், எதற்கென்று தெரியாமல்.

மதுஜாவுக்குக் கோபம். "விசா ஃபோர்முலாரிலை 'இல்லை' எண்டு நான்தானே அடிச்சனான்? ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நாங்கள் வேறை எங்கையும் போயிருப்பம். இத்தாலிக்குப் போயிருப்பம்! என்னைக் கொண்டு பொய் எழுத வைச்சிட்டியளே, அப்பா."

"உன்ரை சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரேல்லை, பிள்ளை."

"இப்ப?"

தவராஜா எழும்பினார். துவாயையும் வேலைக் காற்சட்டையையும் எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு காற்சட்டை, இரண்டு சேட், மேலே ஜக்கெற்.

"யூலை மாசமப்பா!" என்றாள் ஜெயகௌரி. "அவிஞ்சு சாகப்போறியள்."

"அந்தக் குளிர் அறை உமக்குத் தெரியாது" என்றார் தவராஜா.

நவுஷ்கியில் ரயில் நின்றது. யன்னலும் பூட்டு, கழிவறையும் பூட்டு. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பெட்டிக்குள் காற்று இல்லை. பச்சைச் சீருடையில் ஒரு பெண் அதிகாரி வந்து நாலு பாஸ்போட்டையும் வாங்கினாள். ஜெயகௌரி, மதுஜா, ஜெனுசன் — டக், டக், டக் என்று முத்திரை விழுந்தது. நாலாவதை விரித்தவள் தவராஜாவின் முகத்தைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி முகம். அவருடைய நாடியிலிருந்து வியர்வை சொட்டி மேசையில் விழுந்தது. அவள் ஏதோ சொல்லிவிட்டு அவருடைய பாஸ்போட்டோடு இறங்கிப் போய்விட்டாள்.

தவராஜா மணிக்கூட்டைக் கழற்றி ஜெனுசனின் கையில் வைத்தார். சங்கிலியைக் கழற்றி ஜெயகௌரியிடம் கொடுத்தார். சப்பாத்து நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பக்கத்து அறையில் யாரோ தகரப் பேணியைத் திறக்கிற சத்தம் துவக்கு வெடிக்கிற சத்தம் போலக் கேட்டது.

இருபது நிமிசம் போயிற்று. அவள் திரும்பி வந்தபோது பின்னால் இரண்டு ஆண்கள். ஒருவர் தவராஜாவைப் பார்த்து விரலை ஆட்டினார். எழும்பு.

"அப்பா..." என்றான் ஜெனுசன்.

"இரு" என்றார் தவராஜா. பெட்டி நடைபாதையின் கோடியில் இருந்த பணியாளர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். மதுஜா, சொன்னதைக் கேளாமல் பின்னால் வந்தாள். "நான் மொழிபெயர்க்கிறன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பெண் அதிகாரிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது. மதுஜாவை உள்ளே விட்டார்கள்.

ஜக்கெற்றைக் கழற்றச் சொன்னார்கள். கீழே ஒரு சேட், அதன் கீழே இன்னொரு சேட். ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காற்சட்டையைக் கழற்றச் சொல்லி, மதுஜாவை மற்றப் பக்கம் திரும்பச் சொன்னார்கள். கீழே இன்னொரு காற்சட்டை.

"அப்பா, எத்தினை லோங்ஸ் கொண்டுபோறியள், ஆருக்கு விக்க எண்டு கேக்கினம்" என்றாள் மதுஜா, சுவரைப் பார்த்தபடி.

தவராஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விரல்? சிவலிங்கம்? யாரும் அதைக் கேட்கவில்லை. இவர்கள் சுங்கக்காரர்கள்; அவரையும் மூன்று ஜக்கெற் அம்மாவைப் போல உடுப்புக் கடத்துகிற ஆளென்று நினைத்துவிட்டார்கள். அவர் சுவரில் சாய்ந்தார். பிறகு ஒரு சுங்கக்காரரின் விரல் இடுப்புப் பட்டியில் தடித்திருந்த இடத்தைத் தொட்டது. கத்தி நுனியால் தையலைப் பிரித்தார்கள். துண்டு வந்தது. ஓர் இலக்கம் மட்டும்.

"இது ஆர் எண்டு கேக்கினம்."

மதுஜா மொழிபெயர்க்க இடம் வைக்காமல், பதில் ரஷ்யமொழியிலேயே அவருடைய வாயிலிருந்து வந்தது: "ப்ராத்." அண்ணன். அந்தச் சொல்லை அவர் 1993இல்தான் கடைசியாகச் சொல்லியிருந்தார், அதே மாதிரி ஒரு சீருடைக்கு முன்னால்.

பெண் அதிகாரி நிமிர்ந்தாள். உனக்கு ரஷ்யமொழி தெரியுமா என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. மதுஜாவும் மொழிபெயர்க்கவில்லை. வெளியே யாரோ தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம், டிங், டிங் என்று, நெடுநேரம் கேட்டது.

சுங்கக்காரர் காற்சட்டையைப் புரட்டினார். புதுத்துணியென்றால் விலைச்சீட்டு இருக்கவேண்டும். அது இல்லை. எண்ணெய்க்கறை இருந்தது. பட்டியின் பின்பக்கத்தில் வெள்ளைநாடா ஒன்று தைத்திருந்தது. ஹோட்டல் சலவைக்காரர்கள் உடுப்பு மாறாமலிருக்க எல்லாருக்கும் தைக்கிற பெயர்நாடா. அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்: தவராஜா. பெண் அதிகாரியின் கையிலிருந்த பாஸ்போட்டை எட்டிப் பார்த்து, மறுபடி வாசித்தார்: தவராஜா. காற்சட்டையைத் தவராஜாவிடம் எறிந்தார்.

"ஹோலத்னா?" என்று கேட்டாள் அவள். குளிரா?

வியர்வை கண்ணுக்குள் ஓட, தவராஜா ஓம் என்று தலையை ஆட்டினார். ஆண்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பாஸ்போட்டை மேசையில் வைத்து முத்திரையைக் குத்தினாள்.

ரயில் அசைந்தபோதுதான் ஜெயகௌரி அழுதாள். அழுதுகொண்டே ஏசினாள். "குளிருதோ எண்டு கேட்டவளாம்! ஊரெல்லாம் கேக்கப்போகுது இந்தக் கதையை. இனியெண்டாலும் ஒரு லோங்ஸைக் கழட்டுங்கோவன், மனிசா!"

"இன்னும் மங்கோலியாக்காரன் வரவேணும்" என்றார் தவராஜா.

ஜெனுசன் மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினான். அவனுடைய மணிக்கட்டுக்கு மேலே நீலப் பேனையால் பெரியப்பாவின் இலக்கம் எழுதியிருந்தது. அவர் காற்சட்டை மாற்றப் போன நேரத்தில் எழுதியிருக்கவேண்டும். தவராஜா மகளின் கையைப் பிடித்துத் திருப்பினார். அவளிலும் இருந்தது. வியர்வையில் கடைசி இரண்டு எண்களும் கலங்கியிருந்தன.

அவர் துவாயை நனைத்து அழிக்கப் போனார். மதுஜா கையை இழுத்துக்கொண்டாள்.

"விடுங்கோ அப்பா. மற்ற முத்திரையும் விழட்டும்."

பேனையை எடுத்து, கலங்கிய இரண்டு எண்களையும் மேலால் அழுத்தி எழுதினாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தாள். நாலு பேரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.